ஏழை கேட்பது பிச்சை அல்ல, பங்கு!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரே அமர்ந்து முகத்திலே கருணையை வழியவிட்டுக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே சர்க்கரைப் பொங்கலை ஒரு பிடி பிடித்துவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் அரைக் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! (சிரிப்பு)

'வறுமையை விரட்ட வல்லது செல்வர்களின் கருணையா? சமயங்கள் வகுத்த கடமையா?' இதுதான் இன்றைய தலைப்பு. கடமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "சம்பாதிச்சவன் பணம் அவன் பணம். அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது அவனுடைய பெருந்தன்மை. கொடுக்கலைன்னா கேட்க நாம யாரு?" என்று கேட்டார். அடுத்து வந்த அம்மையார், "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்று ஒரு பழமொழியை எடுத்து வீசினார். ரொம்ப சரிங்கம்மா. ஆனால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தத் 'தனக்கு மிஞ்சி' என்பது எப்போ மிஞ்சும்? ஒரு வீடு கட்டியவருக்கு இரண்டாவது வீடு கட்டும் வரைக்கும் மிஞ்சாது. இரண்டாவது வீடு கட்டியவருக்குப் பேரன் பேரில் ஒரு மனை வாங்கும் வரைக்கும் மிஞ்சாது. அந்தப் பேரன் இன்னும் பிறக்கவே இல்லைங்க! (சிரிப்பு) பிறக்காத பேரனுக்குப் பங்கு ஒதுக்கிய பிறகுதான், பிறந்து பசித்து அழுகிற குழந்தைக்குப் பங்கு என்றால், அந்தக் குழந்தை எத்தனை வருஷம் காத்திருக்க முடியும்?

மிஞ்சியது எது என்பதைக் கொடுப்பவனே முடிவு செய்தால் எதுவுமே மிஞ்சாது. இதை நம்ம முன்னோர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். அதனால்தான் உலகத்துப் பெரிய சமயங்கள் எல்லாம், ஏழைக்குக் கொடுப்பதைப் பணக்காரனின் மனநிலைக்கு விட்டுவிடவில்லை.

இஸ்லாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று ஜகாத். இன்னொன்று சதகா. சதகா என்பது மனமுவந்து கொடுப்பது. எப்போதும் கொடுக்கலாம், எவ்வளவும் கொடுக்கலாம். ஆனால் ஜகாத் அப்படியல்ல. அது ஐம்பெரும் கடமைகளில் ஒன்று. குறிப்பிட்ட அளவுக்கு மேலான செல்வம் ஓராண்டு கையில் இருந்தால், பணத்துக்கும் பொன்னுக்கும் நூற்றுக்கு இரண்டரை என்று கணக்குப் பார்த்து எடுத்துவைக்க வேண்டும். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் எட்டு வகை சொல்லியிருக்கிறார்கள். ஏழை உண்டு, வழிப்போக்கன் உண்டு, கடனில் மூழ்கியவனும் உண்டு. "இன்னைக்கு எனக்கு மூடு சரியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்ல முடியுமா? முடியாது! தொழுகையைப் போல அதுவும் கடமை.

யூதர்களைப் பாருங்கள். அவர்களுடைய எபிரேய மொழியில் தருமத்துக்குச் சொல்லும் சொல் 'செதாக்கா'. அந்தச் சொல்லின் வேர் இரக்கம் அல்ல, நீதி! கொடுத்தால் நீ நல்லவன் என்பதோடு அது நிற்கவில்லை. கொடுக்கவில்லையென்றால் நீ நியாயம் தவறியவன் என்கிறது.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வயலுக்கே ஒரு சட்டம் இருக்கிறது. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது. கீழே சிந்திய கதிரைத் திரும்பிப் போய்ப் பொறுக்கக் கூடாது. அது ஏழைக்கும் அயலூரானுக்கும் உரியது. கவனியுங்கள், நடுவர் அவர்களே! நிலத்துக்காரன் அறுத்து, தூற்றி, மூட்டை கட்டி, நாலு பேரைக் கூப்பிட்டு, மாலை போட்டுக்கொண்டு, புகைப்படம் எடுத்துக் கொடுக்கவில்லை. (சிரிப்பு) ஏழை தானே போய், தன் கையால் எடுத்துக்கொள்கிறான். வாங்குகிறவன் குனிவது கதிரைப் பொறுக்கத்தான். யாருக்கும் கும்பிடு போட அல்ல. ரூத் என்றொரு பெண், கணவனை இழந்தவள், வேற்று நாட்டுக்காரி. மாமியாரையும் தன்னையும் காப்பாற்ற அப்படித்தான் கதிர் பொறுக்கப் போனாள். பிற்காலத்தில் நாடாண்ட தாவீது அரசனுக்கு அவள்தான் கொள்ளுப்பாட்டி. ஒரு வயலின் ஓரத்தை விட்டுவைத்தார்கள். ஒரு வம்சமே தழைத்தது! (கைதட்டல்)

"அதெல்லாம் வெளியூர்க் கதை, தமிழன் என்ன சொன்னான்?" என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சொல்கிறேன். திருக்குறளில் 23-ஆவது அதிகாரம் ஈகை. எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நிற்கும் 22-ஆவது அதிகாரம் என்ன? ஒப்புரவறிதல்! ஈகை என்பது இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழத் தெரிந்தவன் ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது. இரண்டும் ஒன்றுதான் என்றால் வள்ளுவர் எதற்காக இரண்டு அதிகாரம் போட வேண்டும்? முதலில் ஒப்புரவு, அப்புறம் ஈகை. முதலில் கடமை, அப்புறம் கருணை. வரிசையைப் போட்டவர் நானல்ல ஐயா, வள்ளுவர்! (பலத்த கைதட்டல்)

கருணை கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருணை தனியாகப் போனால் அதற்கு ஒரு சின்ன வியாதி வந்துவிடுகிறது. அதற்குப் பெயர் 'உபயம்'. ஒரு கோயில் மண்டபத்துக்கு ஒரு செல்வர் மின்விசிறி வாங்கிக் கொடுத்தார். மூன்று இறக்கையிலும் பெயர் எழுதினார். முதல் இறக்கையில் அவர் பெயர், இரண்டாவதில் மனைவி பெயர், மூன்றாவதில் கடையின் பெயர். திறப்பு விழா அன்றைக்கு விசிறியைச் சுழலவிட்டார்கள். ஓடுகிற வேகத்தில் பெயர் தெரியவில்லை. உடனே அவர் சொன்னாராம், "விசிறியை நிறுத்துங்கப்பா, ஜனங்க படிக்கட்டும்!" (பலத்த சிரிப்பு) காற்று வந்தால் பெயர் தெரியாது, பெயர் தெரிந்தால் காற்று வராது. கருணையைத் தனியாக அனுப்பினால் கடைசியில் வியர்ப்பது யார்? கீழே உட்கார்ந்திருக்கும் ஏழைதான்.

சிரித்தது போதும். கொஞ்சம் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். கல்லாப்பெட்டிக்கு மேலே மகாலட்சுமி படம். செந்தாமரையிலே அம்பாள் அழகாக அமர்ந்திருக்கிறாள். கீழே சேலை விரித்துக் காட்டுகிற பெண்ணின் சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தது. அதிலும் லட்சுமி என்றுதான் போட்டிருந்தது. "உட்கார்ந்து காட்டும்மா" என்றேன். "உட்காரக் கூடாதுங்க, காலையில வந்தா ராத்திரி கடை சாத்துற வரைக்கும் நிக்கணும்" என்றாள். கால் வீங்கியிருந்தது. சுவரில் இருக்கும் லட்சுமிக்கு ஆசனம், பூ, ஊதுவத்தி எல்லாம் உண்டு. உயிரோடு இருக்கும் லட்சுமிக்கு ஒரு முக்காலி கிடையாது! அதே கடைக்காரர் மாதாமாதம் அமாவாசைக்கு அன்னதானம் செய்கிறார் என்று வாசலில் பலகை வேறு. அவர் கொடியவர் இல்லைங்க. கருணை உள்ளவர்தான். ஆனால் அந்தக் கருணை வாசலுக்கு வெளியே இருப்பவர் மேல் பொழிந்தது. வாசலுக்கு உள்ளே இருந்தவளுக்கு ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

அந்தப் பெண்களுக்கு முக்காலி எப்படி வந்தது தெரியுமா? யாருடைய மனமும் இளகி வரவில்லை. கேரளத்தில் கடைகளில் வேலை செய்த பெண்கள் ஒன்றுசேர்ந்து போராடி, 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் நம் தமிழக சட்டமன்றம், கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. கருணைக்குக் காத்திருந்தபோது கிடைக்காத முக்காலி, கடமை என்று எழுதியதும் வந்தது! (கைதட்டல்)

"அப்படியானால் முதலாளியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று எதிரணி கேட்கும். இல்லை ஐயா. நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். தொழிலும் வாணிபமும் வளராமல் எந்த நாட்டிலும் வறுமை குறைந்ததில்லை. சீனா 1978-க்குப் பிறகு சந்தையைத் திறந்துவிட்டது. அதன்பிறகு நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து மேலே வந்தார்கள். 1991-க்குப் பிறகு நம் நாட்டிலும் செல்வம் பெருகியது. மறுக்கவில்லை. சந்தை நல்ல சமையற்காரன். அண்டா அண்டாவாக ஆக்கி இறக்கத் தெரிந்தவன். ஆனால் பந்தியிலே யாருக்கு இலை விழுந்தது, யார் கைகழுவிவிட்டுக் காத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டியது சமையற்காரன் வேலை இல்லையே! அதற்கு ஒரு பந்தி விசாரிக்கிறவர் வேண்டும். அந்த வேலையைத்தான் சமயம் நம் ஒவ்வொருவர் தலையிலும் கட்டியது.

முதலாளித்துவம் கொழித்த அமெரிக்காவிலிருந்தே ஒரு சாட்சி சொல்கிறேன். ஆண்ட்ரூ கார்னகி. ஸ்காட்லாந்தில் ஏழை நெசவாளிக்குப் பிறந்தவர். 1848-ல் அமெரிக்கா போய், சிறுவனாகப் பஞ்சாலையில் வேலை பார்த்து, பின்னாளில் உருக்குத் தொழிலின் சக்கரவர்த்தி ஆனார். சம்பாதித்ததைச் சாவதற்குள் ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று 1889-ல் கட்டுரையே எழுதினார். எழுதியபடி செய்தார். உலகமெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் அவர் பணத்தில் எழுந்தன. கருணைக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எதிரணிக்குக் கிடைக்காது!

ஆனால் 1892-ல் என்ன நடந்தது? ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் இருந்த அவருடைய உருக்காலையில் கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள். தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். நிர்வாகி ஆலையைப் பூட்டினார். துப்பாக்கியோடு கூலிக் காவலர்கள் படகில் வந்து இறங்கினார்கள். இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. சங்கம் நசுக்கப்பட்டது. பிறகு 1898-ல் அதே ஊரில் அழகான நூலகம் ஒன்று கார்னகியின் கொடையாகத் திறக்கப்பட்டது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நெருப்பிலே வேகிறவன் எப்போது ஐயா போய்ப் புத்தகம் படிப்பான்? பணத்தைக் கூலியாகச் சில்லறை சில்லறையாகப் பிரித்தால் பயன்படாது, மொத்தமாகச் சேர்த்துப் பொதுக் காரியம் செய்வதே மேல் என்பது கார்னகியின் வாதம். நம் ஊர்க் கிழவி இதற்கு என்ன பெயர் வைத்தாள்? பசுவைக் கொன்று செருப்பு தானம்! (கைதட்டல்)

ஹோம்ஸ்டெட்டுக்கு முந்தைய ஆண்டு, 1891-லேயே போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ ஒரு சுற்றுமடல் எழுதினார். சொத்துரிமையை அவர் மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளி ஒப்புக்கொண்டான் என்பதற்காகவே எந்தக் கூலியும் நியாயமான கூலி ஆகிவிடாது, அவன் சிக்கனமாகவாவது வாழும் அளவுக்கு அது இருந்தாக வேண்டும் என்று எடுத்துரைத்தார். தருமம் உண்டியலில் தொடங்குவதில்லை, சம்பளக் கவரில் தொடங்குகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இப்போது நம் நாட்டுக்கு வாருங்கள். காந்தியடிகள் அகமதாபாத்தில் 1915-ல் ஆசிரமம் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தை உள்ளே சேர்த்தார். உடனே நன்கொடைகள் நின்றுவிட்டன. கையில் காசில்லை. அந்த நேரத்தில் ஒரு செல்வர் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய்தான் அவர். எப்பேர்ப்பட்ட உதவி!

மூன்று ஆண்டுகள் கழித்து, 1918-ல், அதே ஊரில் ஆலைத் தொழிலாளர்கள் நூற்றுக்கு முப்பத்தைந்து கூலி உயர்வு கேட்டார்கள். ஆலை முதலாளிகள் இருபதுக்கு மேல் முடியாது என்றார்கள். முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் யார்? அதே அம்பாலால் சாராபாய்! காந்தி எந்தப் பக்கம் நின்றார்? சாதாரண ஆளாக இருந்தால் என்ன நினைப்போம்? "ஆபத்துக்கு உதவிய மனுஷன், உப்பிட்டவர், அவரை எதிர்க்கலாமா?" என்றுதானே நினைப்போம்! காந்தி தொழிலாளர் பக்கம் நின்றார். அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா பென்னும் தம்பியை எதிர்த்துத் தொழிலாளர் பக்கம் நின்றார். தொழிலாளர் உறுதி தளர்ந்தபோது காந்தி உண்ணாவிரதம் இருந்தார். மூன்றே நாளில் உடன்பாடு வந்தது. பின்னர் நடுவர் ஒருவர் விசாரித்து முப்பத்தைந்து சதவீதமே நியாயம் என்று தீர்ப்புச் சொன்னார். (நடுவரைப் பார்த்து) நடுவர் என்றால் அப்படித்தான் நியாயமான பக்கம் தீர்ப்புச் சொல்வார்கள் ஐயா, சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். (சிரிப்பு)

கொடையை அவர் நன்றியோடு வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தக் கொடைக்காகத் தொழிலாளியின் கூலியை விட்டுக்கொடுக்கவில்லை. செல்வன் தன் செல்வத்துக்குத் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னாரே, நம் ஊரில் தர்மகர்த்தா என்றால் யார்? கோயில் சாவி அவர் இடுப்பில் இருக்கும். நகைப் பெட்டியைத் திறப்பதும் அவர்தான், பூட்டுவதும் அவர்தான். ஆனால் உள்ளே இருக்கும் ஒட்டியாணத்தை எடுத்துத் தன் வீட்டு அம்மாவுக்குப் போட்டுவிட முடியுமா? போட்டால் அதற்குப் பெயர் வேறு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியில் ஒரு நண்பர் வள்ளலார் பெருமானைத் தங்கள் பக்கம் இழுத்தார். "ஜீவகாருண்யம் என்று கருணையைத்தானே பேசினார்" என்றார். அப்பா, வள்ளலாரைப் போலக் கருணை யாருக்கு வரும்! ஆனால் அந்தக் கருணை எந்த வடிவம் எடுத்தது என்று பாருங்கள். 1867-ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு 150 ஆண்டுகளைத் தாண்டி எரிந்துகொண்டிருக்கிறது. மனம் இளகிய நாளில் மட்டும் எரிகிற அடுப்பா அது? இல்லையே! வருகிறவன் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் அன்றாடம் எரிகிற அடுப்பு. கருணை பிறந்த அன்றைக்கே அதைக் கடமையாக மாற்றிக்காட்டியவர் வள்ளலார். ஆகவே அவர் எங்கள் அணி! (கைதட்டல்)

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைப் பாருங்கள். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. தட்டை நீட்டுகிற குழந்தை யாருக்காவது கைகூப்பி நிற்கிறதா? "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க" என்று உரிமையோடு கேட்கிறது! பிச்சைக்கும் பங்குக்கும் வித்தியாசம் அந்தக் குரலில் இருக்கிறது.

(மணி அடிக்கப்படுகிறது)

ஒரே நிமிடம் ஐயா, முடித்துவிடுகிறேன்.

தாய்மார்களே, முதலாளி என்றால் ஆலைக்காரர் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு நாம்தான் முதலாளி. தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கிறோம். நல்ல மனசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் ஐந்தாம் தேதிக்குப் போகிறதா? காய்ச்சலில் இரண்டு நாள் வராவிட்டால் பிடித்தம் செய்கிறோமா? வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டா? உழைத்தவரின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டின் கட்டளை. வியர்வை உலர்வதற்குள் கொடுக்க வேண்டும் என்பது நபிகள் நாயகத்தின் போதனையாக வழிவழியாகச் சொல்லப்படுவது. இருவருக்கும் நம் ஒன்றாம் தேதியே தாமதம்! நாம் ஐந்தாம் தேதிக்குத் தள்ளுகிறோம்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை கோயில் உண்டியலிலோ, தேவாலயக் காணிக்கைப் பையிலோ, பள்ளிவாசல் பெட்டியிலோ பணம் போடக் கையை எடுக்கும்போது, ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். 'இந்த நோட்டு யாருக்காவது நான் தர வேண்டிய பாக்கியா?' பாக்கி என்றால், அதைக் கொண்டுபோய் உரியவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு மறுநாள் வாருங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. காத்திருக்கும். பசிதான் காத்திருக்காது!

ஆகவே நடுவர் அவர்களே, கருணை பெய்கிற நாளில் பெய்யும் மழை. கடமை நாள்தோறும் ஓட வேண்டிய வாய்க்கால். மழை வரட்டும், மகிழ்ச்சி! ஆனால் பயிரைக் காப்பாற்ற வாய்க்கால்தான் வேண்டும் என்று கூறி, நல்ல தீர்ப்பை எங்கள் பக்கம் திருப்பிவிடும்படி கேட்டு அமைகிறேன்.

(நீண்ட கைதட்டல்)